சுசுகி சாட்சி, ஹோண்டா இன்ஸ்பெக்டர்

சுசுகி என்றொருவர் சாட்சி சொல்கிறார். ஹோண்டா என்ற இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொள்கிறார். செத்துப்போனவர் பெயர் மட்சுதா. மூவரும் மனிதர்கள்தான் என்று மனசு ஒப்புக்கொள்வதற்குள் பஸ் காரைக்காட்டைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் இவையெல்லாம் சர்வ சாதாரணமான குடும்பப் பெயர்களாம். கம்பெனி ஆரம்பித்தவர்கள் தங்கள் பெயரையே கம்பெனிக்கும் வைத்துவிட்டதால் வந்த வினை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஒலிநூலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, இம்பீரியல் ரோட்டில் ஏதோ ஷோரூமில் அடிதடி என்றுதான் தோன்றும்.

அச்சடித்த துப்பறியும் நாவலில் ஒரு சலுகை உண்டு. ஆரம்பத்தில் வந்த யமமோட்டோவும் நடுவில் வந்த யமடாவும் ஒரே ஆளா என்று விரலை வைத்துக்கொண்டு திருப்பிப் பார்க்கலாம். ஒலிநூலில் விரல் வைக்க இடமில்லை. கொஞ்சம் பின்னால் போக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால், துப்பு வருகிற அந்த விநாடியில் டிரைவர் ஏர்ஹாரன் அடிப்பார். மறுபடி அமுக்கினால் மறுபடி ஹாரன். கொலைகாரனுக்கும் டிரைவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் நான் முதலில் கண்டுபிடித்த விஷயம். இதற்கு நடுவில் பஸ்ஸில் இளையராஜா வேறு. சுமிதா ஆற்றங்கரை வீட்டில் பிணம் கிடக்கிறது, வெளியே பனி. பின்னணியில் தபேலா உருள்கிறது. இறந்தவரே எழுந்து ஆடிவிடுவாரோ என்று இருந்தது.

வாசித்தவருக்கு நல்ல குரல். ஆனால் டோக்கியோ போலீசுக்கு அவர் கொடுத்த தமிழ் ஆகாசவாணி மாநிலச் செய்தியிலிருந்து நேராக இறங்கி வந்தது. நேற்றிரவு பத்து மணியளவில் தாங்கள் எங்கிருந்தீர்கள் என்பதை நான் அறியலாமா என்று ஹோண்டா கேட்கிறார். நம்மூர் ஸ்டேஷனில் இதே கேள்வி இரண்டே சொல்லில் முடியும். அதில் ஒன்றை இங்கே அச்சிட முடியாது.

பாவம், ஹோண்டாவைச் சொல்லியும் குற்றமில்லை. டோக்கியோவில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். ரயிலில் தோளோடு தோள் நசுங்கிக்கொண்டு போவார்கள், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். செல்போனில் பேசாதீர்கள் என்று ரயிலிலேயே அறிவிப்பு வரும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், பிளாக், வீடு என்று வெறும் எண்கள். அந்த எண்களும் சில பழைய வட்டாரங்களில் வரிசையாக இருக்காது. 3ஆம் எண் வீட்டுக்கு அடுத்து 17 நிற்கும். உள்ளூர்க்காரர்களே வழி தெரியாமல் மூலைக்கு மூலை இருக்கும் குட்டிப் போலீஸ் பூத்தில் போய் விசாரிப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் கொலைகாரனுக்கு என்ன கவலை? செத்தவன் கடைசியாக யாரோடு பேசினான் என்று கண்டுபிடிக்கவே ஹோண்டாவுக்குப் பாதிக் கதை செலவாகிறது.

கடலூருக்கு 2011 கணக்குப்படி 1.73 லட்சம் பேர். இங்கே விலாசம் என்பது எண் அல்ல, ஆள். மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் போய்ப் பெட்டிக்கடையில் கேட்டால் போதும். கடைக்காரர் வீட்டை மட்டும் காட்டிவிட்டு விடமாட்டார். வீட்டுக்காரரின் மகன் பெங்களூரில் யாரைக் கட்டிக்கொண்டான், அதில் அப்பாவுக்கு என்ன மனத்தாங்கல், காலையில் அவர் எத்தனை மணிக்குப் பால் வாங்கினார், இப்போது போனால் காப்பி கிடைக்குமா, எல்லாம் ஒரு பீடா மடிக்கிற நேரத்தில் கைக்கு வந்துவிடும். நான் நேற்றிரவு வீட்டில்தான் இருந்தேன் என்று யாராவது இந்த ஊரில் சாதிக்க முடியுமா? "பொய் சொல்றாரு சார், முட்டை தோசை வாங்க வந்தாரே" என்று கையேந்தி பவன்காரர் தானாகவே முன்வந்து வாக்குமூலம் கொடுப்பார்.

திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934இல் ஜெயகாந்தன் பிறந்தார். இரண்டு எழுத்து ராட்சசர்களைக் கொடுத்த ஊர், ஒரு துப்பறியும் சங்கர்லாலைக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான் என்பது என் துணிபு. துப்பறிகிற தொழிலுக்கே இந்தப் பக்கம் ராசி கிடையாது. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்குப் போனதிலிருந்து வெள்ளைக்கார சி.ஐ.டி. பத்து வருஷம் அங்கே தவம் கிடந்தது. கடைசியில் 1918 நவம்பரில் அவரே எல்லையைத் தாண்டி வந்த பிறகுதான் கடலூர் பக்கத்தில் வைத்துக் கைது செய்தார்கள். இதற்கு எதற்கு மாறுவேஷம்?

சங்கர்லாலை நான் இழுத்ததற்குக் காரணம் பக்கத்து சீட். ஆலப்பாக்கத்தில் ஏறிய பெரியவர், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, பாட்டா?"

"இல்லீங்க ஐயா, கதை. டோக்கியோவுல ஒரு கொலை."

"டோக்கியோவா? அங்கதான் சங்கர்லால் எப்பவோ போயிட்டு வந்துட்டாரே!"

வாஸ்தவம். தமிழ்வாணன் தன் துப்பறியும் நிபுணரை டோக்கியோவுக்கு அனுப்பி 'டோக்கியோ ரோஜா' என்று நாவலே எழுதியிருக்கிறார். 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர், 'கல்கண்டு' ஆசிரியர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் நின்ற தோரணையில், கதையை எழுதியவரா அதில் வருகிறவரா என்று வாசகனுக்கே சந்தேகம் வரும். சங்கர்லால் தேநீர் குடிப்பார். குடித்தால் வழக்கு தெளிந்துவிடும். டோக்கியோவில் பச்சைத் தேநீரைக் கொடுத்து அவரை என்ன பாடு படுத்தினார்களோ. பெரியவர் அந்தக் காலத்தில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்தவராம். கடைசிப் பக்கத்தை யாராவது கிழித்து வைத்திருப்பார்களாம். அப்படிப் பழகியதால்தான் முடிவைத் தானே யோசிக்கிற புத்தி வந்தது என்றார்.

"அப்புறம் வாத்தியார் போனாரு, ஒசாகா எக்ஸ்போவுக்கு. அப்புறம் ரஜினி. 'முத்து' அங்க ஓடு ஓடுன்னு ஓடிச்சே. உங்க ஆளு எத்தினியாவது?"

'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது 1973இல், 'முத்து' டோக்கியோவில் ஓடியது 1998இல். ஹோண்டா அந்த ஊரிலேயே பிறந்தவர் என்பதை நான் எடுத்துச் சொல்லியும் பெரியவர் அதை ஒரு தகுதியாக ஏற்கவில்லை. கேட்காமலேயே என் இடது காதுப் பொறியை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். புதுச்சத்திரம் வருவதற்குள் முன் சீட்டு அம்மாளுக்கும் கண்டக்டருக்கும் முன்கதைச் சுருக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, பாத்திரங்களுக்குப் புதுப் பெயர்களோடு. ஹோண்டா 'அந்த போலீஸ்காரு', மட்சுதா 'செத்துப்போன மவராசன்'. நான் பாதி வழி திணறிய சிக்கல் இப்படி ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

பிணம் கிடந்த அறை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது என்ற இடம் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூட்டிய அறை மர்மம் என்றால் ஜப்பானியர்களுக்கு உயிர். யோகோமிசோ சேய்ஷி என்பவர் 1946இல் பனிக்கு நடுவே ஒரு பூட்டிய அறையை வைத்து எழுதியதை இன்னும் கொண்டாடுகிறார்கள் என்று விளக்கினேன். பெரியவர் சிரித்தார். "பூட்டின ரூமா? சிதம்பரத்துக்குப் போயிக்கினு இருக்கோம் தம்பி."

சிதம்பர ரகசியத்தைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் எடுத்தது தேவாரக் கேஸ். திருமுறைகண்ட புராணம் சொல்கிற கதை. பதிகங்கள் எங்கே என்று ராஜராஜன் தேடுகிறான். துப்பு கொடுத்தவர் திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையார். வாங்கிக்கொண்டவர் நம்பியாண்டார் நம்பி. சரக்கு தில்லையில் பூட்டிய அறையில் இருக்கிறது. கதவில் மூவரின் கைம்முத்திரை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் கோயில்காரர்கள். மூவரும் சிவலோகம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ராஜா சண்டை போடவில்லை. மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளப் பண்ணி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வந்துவிட்டார்கள், திறங்கள். திறந்தால், ஏடுகளைச் சுற்றிப் புற்று. எண்ணெய் ஊற்றி எடுத்தது போக மிச்சம்தான் இன்று நாம் பாடுவது.

"ஆளையும் புடிச்சாச்சு. செல்லு. உங்க போலீஸ்காரு இன்னும் டீ குடிச்சிக்கினு கீறாரா?"

பி.முட்லூரில் இறங்குவதற்கு எழுந்தபோது, காதுப் பொறியைத் துண்டில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது என்றார். கதையில் இன்னும் பாதி பாக்கி.

"செத்த வீட்டுக்கு எல்லாரும் வந்தாங்க இல்ல? அதுல ஒருத்தன் மட்டும் எப்படி செத்தாருன்னு கேக்கவே இல்ல, பாத்தியா? தெரிஞ்சவன்தான் கேக்க மாட்டான்."

சரியா தப்பா என்று சொன்னால் ஒலிநூலை விற்கிறவர்கள் என் மேல் கேஸ் போடுவார்கள். ஆனால் அன்று ராத்திரி கடைசி அத்தியாயம் வரை கண்விழித்துக் கேட்ட பிறகு, அந்தப் பெரியவரின் ஊர் பெயரை விசாரிக்காமல் விட்டோமே என்று வருத்தப்பட்டேன். கண்டக்டரிடம் கேட்டால் தெரியும்.

மறுநாள் அதே பஸ். உட்காரக்கூட இல்லை. முன்படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். "சார், ரூமுக்குள்ள வச்சி கொன்னது எப்டின்னு நேத்து சொல்லாமயே இறங்கிட்டீங்களே!" பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், பையை எடுத்துக்கொண்டு மெதுவாக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.