ஜேசிபி மொட்டையடிச்ச பறம்பு

வா மக்கா. கழக்கூட்டத்துல சரிவுப் பறம்பு பத்து சென்ட் வாங்கினே, சந்தோசம். மறுநாளே ஜேசிபி விட்டு, புல்லைச் சொரண்டி, சருகுக்குத் தீ வச்சு, முத்தத்தை மொட்டையடிச்சியே, அது ரொம்பச் சந்தோசம். பாவம் அந்தச் செம்மண்ணு, எத்தனை காலமா மேட்டுலயே கெடந்துச்சு! இடவப்பாதி மழையில தெற்றியாறு வழியா ஆக்குளம் காயலுக்கு டூர் அனுப்பிட்டே. அங்க சேந்த சேத்தை வார இன்னொரு ஜேசிபி வரும். 2023 அக்டோபர்ல அந்த ஆறு கரை மீறி டெக்னோபார்க் பக்கம் வெள்ளம் ஏறினப்ப, நீயும் செல்போன்ல படம் புடிச்சவன்தானே?

இப்ப மரச்சீனி நடப்போறேங்கிறே. நடு. ஆனா மேலேருந்து கீழ வாய்க்கா புடிச்சு நட்டுராதே, மழைக்கு நீயே ரோடு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். மரச்சீனி இலை விரிய மூணு மாசம் ஆகும். அதுவரை மண்ணு வெறும் மேலோடதான் கெடக்கும். சரிவுக்குக் குறுக்க வரம்பு போடு, எடையில பயறு வெத. ஸ்ரீகாரியத்துல கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1963-லேயே வந்தாச்சு. கழக்கூட்டத்துக்குப் பக்கம்தான். ஸ்விக்கிக்காரன் யோசனை கொண்டாந்து தரமாட்டான், நீதான் போகணும்.

தேங்கா உரிச்ச கதம்பலை எரிக்காதே. தென்னைக்கு நடுவுல குறுக்க நீளக் குழி வெட்டி, குழிஞ்ச பக்கம் மேல பாக்க அடுக்கி, கடைசி அடுக்கை மட்டும் கவுத்து மண்ணு மூடு. அஞ்சாறு வருசம் ஈரம் புடிச்சிருக்கும். வரம்பு மேல அரையடிக்கு ஒண்ணா வெட்டிவேர் வை. வேர் ஆளு ஒசரத்துக்கு மேல எறங்கும். வாசனைக்கு ஆசப்பட்டுத் தோண்டினியோ, வேரோட வரம்பும் வந்துரும், சொல்லிட்டேன்.

சரிவைத் தாங்குத கையாலைக்குக் காங்கிரீட் வேணும்னு இன்சினியர் சொன்னானாக்கும்? பின்னால நிக்குத தண்ணி போக ஓட்டை வச்சானான்னு கேளு. வைக்கலேன்னா ஒருநாள் செவரும் காயல் பாக்கக் கெளம்பிரும். சிமெண்டு பூசாத கல்லுக் கையாலையில தண்ணி கசிஞ்சு போயிரும், கல்லு நிக்கும். அதைக் கெட்டத் தெரிஞ்ச கொத்தனார் ஊர்ல மிச்சமிருக்கும்போதே புடி.

துலாமழைக்கு முன்ன முடிச்சிரு. அந்த ஜேசிபிக்காரன் நம்பரை மொதல்ல அழிடே.