தலைவர் நாற்காலி

கேள்வி: அகதி மாணவர்களைப் படிக்கவைக்கும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, ஓய்வுபெற்ற பேராசிரியரான என் பெரியப்பாவை இந்தியக் கிளைக்குத் தலைவராகக் கூப்பிடுகிறது. கையில் காசில்லாதவர் அங்கே போய் என்ன செய்வார்?
— வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: காசு கொடுக்க ஆள் கிடைப்பார்கள், யாருக்காகக் கேட்கிறோம் என்று தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. தாராளமாக ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்.

இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியபோது அவரே ஓர் அகதி. அகதி முகாம் மக்களே ஊழியர்களாக நின்று வளர்த்த அமைப்பு அது. பிள்ளைகளின் படிப்பைத்தான் முதன்மையான வேலையாக வைத்துக்கொண்டார்கள். கனடாவிலும் 1978 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு சில டாலர் சேர்த்துக் கட்டி, அகதி மாணவர்களை வரவழைத்துப் படிக்கவைக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு வேலை நிறைய இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய முகாம் பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஒருவர் வேண்டும். முதல்வர் அறைக்குப் போய்ப் பேச ஒருவர் வேண்டும். குழுக் கூட்டத்தில் ஆண்டறிக்கையின் அட்டை நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அவர் குறுக்கே புகுந்து, ‘எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதிக்குள் கட்டணம் கட்டணும்?’ என்று கேட்கட்டும். அப்படியே, முகாமில் வளர்ந்த பட்டதாரி ஒருவரை உறுப்பினராக்கித் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கட்டும்.