பற்று முதல் பருக்கை வரை: துலக்கியலில் ஒரு முன்னாய்வு

பாயிரம்: ‘பத்துப் பாத்திரம்’ என்பதை எண்ணிக்கை என மயங்குவோர் உளர். எங்கள் வீட்டு சிங்க்கில் அது ஒருநாளும் பத்தோடு நின்றதில்லை. சோறு பற்றிய பாத்திரம் பற்றுப் பாத்திரம்; பேச்சில் ‘பத்து’ ஆயிற்று. ஆக, நோய் பற்று. மருந்தும் பற்றை நோக்கியே இருக்க வேண்டும் என்பது நம் கருதுகோள்.

ஆய்வுக்களம்: சென்னைப் புறநகரான சேலையூரில் ஒரு மாடி வீட்டுச் சமையலறை. போர் தண்ணீர் உப்பு. சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு. அதைப் போக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுக்குப் பிறகும் எவர்சில்வர் தட்டு காய்ந்தால் வெள்ளைத் திட்டு.

முன்வரலாறு: 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலேறி வந்தது தண்ணீர், 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் தெருவே ஒரு அன்னக்கூடைத் தண்ணீரில் துலக்கியது. (2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீடுகளில் பாத்திரங்கள் தாமே மிதந்து கழுவப்பட்டது விதிவிலக்கு; கணக்கில் சேர்க்கவில்லை.)

துலக்குவோர் மூவகை. முதலாவது அருவி நெறி: குழாயைத் திறந்துவிட்டு, போனில் நாத்தனாரோடு பேசிக்கொண்டே தேய்ப்பது. எங்கள் குழாயில் 15 லிட்டர் பக்கெட் நிரம்ப 2 நிமிடம். 8 நிமிடப் பேச்சுக்கு 60 லிட்டர். நகரவாசிக்கு நாளொன்றுக்கு அரசு அளவுகோல் 135 லிட்டர். அதில் ஏறக்குறைய பாதி நாத்தனாருக்கே போயிற்று.

இரண்டாவது வெந்நீர் நெறி: ‘சுடுதண்ணி விட்டாத்தான் எண்ணெய் போகும்’ என்பார்கள். 1000 லிட்டரை 60 மீட்டர் மேலே ஏற்ற, மோட்டாரின் விரயமும் சேர்த்து, அரை யூனிட் அளவில் ஆகும். அதே அரை யூனிட், கீசரில் 20 லிட்டரை 20 டிகிரி சூடேற்றவே சரியாகிவிடும். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்தால் மின்வாரியத்துக்கு ஒரு பைசா போகாது.

மூன்றாவது அன்னக்கூடை நெறி: ஒன்றில் தேய்ப்பு, ஒன்றில் அலசல். 16 லிட்டரில் காரியம் முடிந்தது. ஆர்.ஓ. குழாய் வெளியே தள்ளும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து முதல் கழுவலுக்கு வைத்துக்கொண்டதில் அதிலும் பாதி மிச்சம். அந்தத் தண்ணீர் இன்னும் உப்பு என்பதால் கடைசி அலசலுக்கு ஆகாது.

மேற்பார்வை: பக்கெட்டும் கடிகாரமுமாக நான் நிற்பதை, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாம் நாள் அடிப்பிடித்த குக்கரை என்முன் நீட்டினார். ஓரத்தில் பருக்கைகள் சிமென்ட் போல இறுகியிருந்தன.

“இத காய விட்டது யாரு சார்? தின்னதும் வழிச்சுப் போட்டு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி வச்சா, எனக்கு எதுக்கு இம்மாந் தண்ணி?”

கருதுகோள் நிறுவப்பட்டது, நிறுவியவர் அவர்.

முடிவுரை: தண்ணீர் சிங்க்கில் வீணாவதில்லை, தட்டு காயும் அந்த அரைமணி நேரத்திலேயே வீணாகிவிடுகிறது. ஆகவே வாசகரே, இன்றிரவு சாப்பிட்டு எழுந்ததும், டிவி முன்னால் உட்காரும் முன் தட்டை வழித்து ஊறப் போடுங்கள். மற்ற ஆராய்ச்சியைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.