முருகன்ஐ நீக்கலாமா?

2003-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று உலகத்து இணையதளங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் தாங்கி நிற்கும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைத் தமிழாக்கப் புறப்படும் தொண்டர், பின்னர் ஒரு பெயர் வந்து அமர்வதற்கென்று வாக்கியத்தின் நடுவில் ஒதுக்கப்பட்ட பீடத்தை அடுத்து வேற்றுமை உருபை ஒட்டிவைக்க, இலக்கண வாசனையற்ற அவ்வியந்திரம் ‘முருகன்ஐ நீக்கலாமா?’ என்று பவ்வியமாக வினவுகிறது. புணர்ச்சி விதி போனால் போகட்டும். சரிபார்ப்பவரின் அங்கீகாரம் வேண்டித் தவம் கிடந்து ஒருவாறு கரையேறிய மொழிபெயர்ப்பும், மூலத்தில் ஒரு காற்புள்ளி இடம்பெயர்ந்த மாத்திரத்தில், ஐயத்திற்குரியதென்று முத்திரை குத்தப்பட்டு மீண்டும் வரிசைக்கு வந்துவிடக்கூடும். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பதால், இந்தக் கைங்கரியத்தை இருமுறை செய்யும் புண்ணியமும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, தளத்தின் சொந்தக்காரரோ நிர்வாகப் பக்கத்தை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்கிறார், பழகிவிட்டதாம்.