குறைந்த செலவில் குலுக்கல் நீக்கம்: மாருதி 800ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

சஸ்பென்ஷன் என்பது சாலையின் உண்மைக் குணம் காரில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாமல் மறைக்கும் அமைப்பு. 1983இல் விற்பனைக்கு வந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800இல், முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட்டும், பிந்தைய வண்டிகளில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் இவ்வேலையைச் செய்கின்றன. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். ஷாக் ஓய்ந்துவிட்டால், பள்ளம் போன பிறகும் கார் அதையே நினைத்து ஆடிக்கொண்டிருக்கும்.

1. அளவீடு

பழுதை அறிய இரு முறைகள் உள்ளன. முதலாவது கைமுறை. நிற்கும் காரின் ஒரு மூலையை அழுத்திவிட வேண்டும். ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கினால் நலம். அதற்கு மேலும் ஆடினால் ஷாக் போய்விட்டது. ஷாக்கில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அழுத்திப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டாவது செவிமுறை. பின் இருக்கையில் வீட்டுப் பெரியவர் ஒருவரை அமர்த்தி வேகத்தடையைக் கடக்க வேண்டும். ‘ம்ச்’ என்றால் இயல்பு நிலை. ‘பார்த்துப் போப்பா’ என்றால் டயரில் காற்று அதிகம். ‘முருகா!’ என்றால் ஷாக் மாற்றும் காலம். ‘நிறுத்து, நான் பஸ்ஸுல வர்றேன்’ என்றால் எல்லாவற்றையும் மாற்றும் காலம். இம்முறைக்குக் கருவிச் செலவு இல்லை. வீடு சேர்ந்த பிறகும் அளவீடு தொடர்வது இதன் ஒரே குறை.

2. செலவில்லாச் சீர்திருத்தம்

பெட்ரோல் பங்கில் ‘கொஞ்சம் சேர்த்தே அடிச்சிடுங்க’ என்று சொல்லும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். காற்று மிகுந்த டயர் சிறு கல்லையும் இருக்கைக்கு அறிவிக்கும். அடுத்து, டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஊரிலிருந்து வந்து இறக்கப்படாத தேங்காய் மூட்டை, பஞ்சரான ஸ்டெப்னி, யாருடையது என்று தெரியாத குடை ஆகியவை சேர்ந்து 50 கிலோ இருந்தால், சுமார் 650 கிலோ காரில் அது பதிமூன்றில் ஒரு பங்கு.

3. நூறு ரூபாய்க் கணக்கு

‘டொக் டொக்’ என்ற ஓசைக்குப் பெரும்பாலும் காரணம் வெடித்துப்போன ரப்பர் புஷ். குற்றம் சாட்டப்படுவது ஷாக். முதலில் புஷ்ஷை மாற்றுவதே சிக்கனம்.

ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே செருகப்படும் ரப்பர் பஃபர் தனி விவாதத்துக்குரியது. ஸ்பிரிங்கின் விறைப்பு, இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். பஃபர் சில சுற்றுகளின் அசைவைத் தடுப்பதால் விறைப்பு கூடுகிறது. கார் சற்று உயர்ந்து நிற்கும், அடி தட்டாது. ஆனால் குலுக்கலும் கூடும். வண்டி உயர்ந்ததையே உரிமையாளர் சொகுசு என்று கொள்வதால் இவ்வணிகம் தழைக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டினாலும் விறைப்பு கூடும். கூடுதலாக, அடியும் தட்டும்.

ஸ்பிரிங் விதியைக் கண்ட ராபர்ட் ஹூக், 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். மெக்கானிக்கின் எஸ்டிமேட் சீட்டில் முதற்பாதி மரபு மட்டும் பின்பற்றப்படுகிறது.

4. ஆயிரம் ரூபாய்க் கணக்கு

ஷாக்கை ஒரே அச்சில் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ‘போனதை மட்டும் மாத்துங்க’ என்பவரின் கார் ஒரு பக்கம் புதிய காராகவும் மறுபக்கம் பழைய காராகவும் ஓடும். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கலாம். அது இன்னொரு காரின் களைப்பை விலைக்கு வாங்குவது. முன்பக்க ஷாக்குக்காக ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டிய பின் வீல் அலைன்மென்ட் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் டயர் கடைக்குப் போகும்.

5. மிதியியல்

ஒரே மேட்டில் காரின் வேகம் பாதியானால், சக்கரம் மேலெழும் வேகமும் பாதியாகும். இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு விதிப்படி 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வேகத்தடை, மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கானது. தெருவாசிகள் தாமே எழுப்பிய தடைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவற்றில் நின்று, யோசித்து, குறுக்காக ஏற வேண்டும். இச்சீர்திருத்தத்துக்கு உதிரிபாகம் தேவையில்லை. அதனாலேயே யாரும் பரிந்துரைப்பதில்லை.

6. ஆய்வின் எல்லை

ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் தகடு துருவேறி இற்றுப்போயிருந்தால், மேற்கண்ட முறைகள் எதுவும் பயன்தராது. அந்நிலைக்குரிய அறிஞர் பழைய இரும்புக் கடைக்காரர். அவரது அளவீட்டு முறை தராசு.