பேராண்டிக்கு ஒரு கான்ஃபிக் உபதேசம்

வாப்பு, சாஃப்ட்வேர் தொரை! திண்ணையில கெடக்குற கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு நீ மீட்டிங் பேசுற சத்தத்துல, உன் கம்பெனி டேட்டா சர்வீஸ் படுத்துருச்சுங்கிற சேதி சின்னாளப்பட்டியில பாதித் தெருவுக்குத் தெரியும்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு தாத்தா, நான் ஒண்ணுமே மாத்தலை"ங்கிறே. சந்தோசம். உங்க தொழில்ல எல்லாப் பயலும் மொதல்ல சொல்றது இதைத்தானே! நீ கை வைக்கலைன்னா இன்னொருத்தன் வச்சிருப்பான். அவனும் வைக்கலைன்னா பாஸ்வேர்டோ சர்ட்டிபிகேட்டோ தேதி முடிஞ்சு கெடக்கும். மொதல்ல அதைப் பாரு.

திரையில செவப்பா நூறு வரி கொட்டுனதும், படிக்காம மூடிட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்றே பாரு, அந்தச் சுறுசுறுப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஜாவாக்காரன் கடைசியா "காஸ்டு பை"னு ஒரு வரி எழுதுறானே, அது உனக்காகத்தான் எழுதுறான். "ஹோஸ்ட் தெரியலை"ன்னா பேரைத் தப்பா அடிச்சிருக்கே, இல்ல டிஎன்எஸ்ல கோளாறு. "ரெஃப்யூஸ்டு"ன்னா மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்தப் போர்ட்டுல ஆள் இல்லை. ஆரக்கிளுக்கு 1521, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432; நீ எதை எங்க போட்டேன்னு பாரு. "டைம் அவுட்"ன்னா பெரும்பாலும் ஃபயர்வால் மறிக்குது. "லாகின் ஃபெயில்டு"ன்னா வழியெல்லாம் சரி, யூசர் பேரோ பாஸ்வேர்டோதான் தப்பு. இதுக்குப் போயி நெட்வொர்க் டீமை ராத்திரில எழுப்பித் திட்டு வாங்குறியே, அது வீரம்தான்.

வாட்ஸ்அப்புல வந்த பாஸ்வேர்டைக் காப்பி பண்றப்போ பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. வேர்டு ஃபைல்ல இருந்து எடுத்தா மேற்கோள்குறி வளைஞ்சிருக்கும். யாமில் ஃபைல்ல டேப் தட்டுனா அது முரண்டு பிடிக்கும். அப்புறம் அந்த "லோக்கல்ஹோஸ்ட்". உன் லேப்டாப்புல உன்னையே காட்டும், சர்வருக்குப் போனா சர்வரையே காட்டும். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நீ மல்லுக்கு நிக்கிறதுக்குப் பாதி காரணம் அதுதான்.

தறியில பாவு இழை ஒண்ணு தப்பான விழுதுல நொழைஞ்சிருந்தா, சேலை முந்தி வரைக்கும் அந்தக் கோடு கூடவே வரும். அதுக்காகத் தறியைப் பிரிச்சுப் போடுவாங்களா? எந்த இழைன்னு வெரலை வச்சுத் தேடி எடுப்பாங்க. நீயோ ஒரே நேரத்துல அஞ்சு செட்டிங்கை மாத்துறே. சரியானா எதனால சரியாச்சுன்னு தெரியாது; கெட்டா எதனால கெட்டுச்சுன்னும் தெரியாது. ஒத்த மாத்தம், ஒத்த சோதனை. கை வைக்க முன்னாடி பழைய ஃபைலுக்கு ஒரு நகல்.

உன்னைய மட்டும் சொல்லலைப்பு. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வாட்ஸ்அப் நின்னு, கடைவீதியில சேலை போட்டோ அனுப்ப முடியாமத் தவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பேஸ்புக்குல பராமரிப்பு வேலையில குடுத்த ஒத்த கட்டளை. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலயும் ஓட்டை. ஆறு மணி நேரம் போச்சு.

நைட் கேப்பிட்டல் கதையை நீதானே போன்ல சினேகிதன்கிட்ட சொல்லிச் சிரிச்சே? அமெரிக்காவுல பங்கு வாங்கி விக்கிற கம்பெனி அது, 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்ல ஏழுக்குப் புது நிரல் போட்டுட்டு ஒண்ணை மறந்துட்டாங்க. அதுல கெடந்த பழைய நிரலால நாப்பத்தஞ்சு நிமிசத்துல 46 கோடி டாலருக்கு மேல காலி. பதறிப்போயி நல்லா இருந்த ஏழுலயும் புதுசை எடுத்தாங்க, சேதம் கூடுச்சு. இதுல கூத்து என்னன்னா, சந்தை தொறக்க முன்னாடியே பிழையைச் சொல்லி 97 மின்னஞ்சல் ஆளுகளுக்கு வந்திருந்துச்சு. ஒருத்தரும் கண்டுக்கலை. நீ சிரிச்சப்போ உன் இன்பாக்ஸுல படிக்காத அலர்ட் எத்தனை கெடந்துச்சுன்னு நான் கேக்கலை, பெரிய மனுசன் பாரு.

சரியானதும் "ஃபிக்ஸ்டு"ன்னு ஒத்த வார்த்தையோட ஓடிராதே. என்ன மாத்துனே, ஏன் மாத்துனேன்னு ரெண்டு வரி எழுதி வை. அடுத்த தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு அரைத் தூக்கத்துல அதைப் படிக்கப் போறவன் உன்னைய விட மந்தமான பய. யாருங்கிறியா? நீதான். அவனுக்குப் புரியிற மாதிரி எழுது.