இரண்டு கதவுக்காரர்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறார். ஐ.டி. வேலை, முப்பத்திரண்டு வயது, ஒரு மனைவி, அப்போது இரண்டு மாதமே ஆன பெண் குழந்தை, கதவோரம் கீறல் விழுந்த ஒரு பழைய ஹேட்ச்பேக். "இதைக் குடுத்துட்டு வேற வண்டி எடுக்கணும்ணே" என்று அவர் லிஃப்ட்டில் சொன்னபோது நான் சும்மா தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். "என்ன வண்டி?" என்று கேட்டுத் தொலைத்தேன். பதில் ஐந்து வாரம் ஓடியது.

இந்த ஜாதி மனிதரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைபேசியை எடுத்தால் முகப்பில் குழந்தை சிரிக்கும். விரலை வைத்துத் திறந்தால் உள்ளே சிவப்பு மஸ்டாங் நிற்கும். முன்னது ஊருக்கு, பின்னது மனசுக்கு. 2016-ல் ஃபோர்டு அந்த வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது ஷோரூம் விலையே 65 லட்சம். தம்பி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாங்க முடியாதென்று அவருக்குத் தெரியும். ஆனால் ஐந்து லிட்டர் வி8 என்று அவர் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கும். சிலருக்குச் சாமி பெயரைச் சொன்னால் அப்படி இறங்கும்.

மஸ்டாங் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு கூபே வேண்டும் என்பது தம்பியின் ஆசை. கூபே என்றால் இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, பின்பக்கம் சரியும் கூரை. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘வெட்டியது’ என்று பொருளாம். எதிரெதிரே நாலு பேர் உட்காரும் குதிரை வண்டியின் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் வைத்துக்கொண்டதால் வந்த பெயர். இதை அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது பக்கத்தில் நின்ற மனைவி, "அப்போ வெட்டி வண்டின்னு சொல்லுங்க" என்றார். தமிழ் எவ்வளவு சிக்கனமான மொழி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய வாதங்கள் ஒவ்வொன்றும் தனி ரகம். "பாப்பா இப்போ நாலரைக் கிலோண்ணே. நாலரைக் கிலோவுக்கு எதுக்கு ஏழு சீட்டு வண்டி?" இது முதல் வாதம். "பின்னாடி கதவே கிடையாது. அப்போ குழந்தை கதவைத் திறந்து விழுற பிரச்சினையும் கிடையாது. ரெண்டு கதவுதான் உண்மையில சேஃப்டி." இது இரண்டாவது. மூன்றாவது வாதத்தை மடிக்கணினியில் வைத்திருந்தார். எக்செல் அட்டவணை. பிக்கப்புக்கு முப்பது மதிப்பெண், தோற்றத்துக்கு இருபத்தைந்து, வளைவில் சாயாமல் போவதற்கு இருபது. கடைசி வரியில் டிக்கிக்கு ஐந்து. இப்படிப் பரீட்சை வைத்தால் ஏழு சீட்டு எர்ட்டிகா ஃபெயிலாகாமல் என்ன செய்யும்? ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் அட்டவணையின் அடியில் புதிதாக ஒரு வரி: ‘ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி – 100 மார்க்’. யார் கைவேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மாமனார் திருநெல்வேலிக்காரர். அவருடைய பார்வையில் உலகத்தில் இன்னோவா, மற்றவை என்று இரண்டே வகை வண்டிகள். 2005-ல் அந்த வண்டி வந்த நாளிலிருந்தே தமிழ்நாட்டு மாமனார்களின் கட்சிச் சின்னம் அது. "மாப்ள, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போவணும். புள்ளைக்கு மொட்டை போடணும். பொங்கப் பானை, அரிசி, வெறகு, உங்க அத்தை, அவ அக்கா எல்லாம் எதுல ஏறுவாவ?" என்று போனில் கேட்டார். இவர், "ரயில்ல வந்துடலாம் மாமா" என்றார். கார் வாங்குவதைப் பற்றிய பேச்சில் ரயிலை விடையாகச் சொன்ன முதல் மருமகன் இவராகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் நான் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரித்தார்கள். அழகான இரண்டு கதவு வண்டி. ஆனால் வாங்கியவர்கள் நம்மவர்கள். மாமியும் அத்தையும் முன் சீட்டை மடக்கிக் குனிந்து நுழைவதாவது! சீமையில் பிறந்தபோது இல்லாத இரண்டு கதவுகளை 1968-ல் மெட்ராஸில் வைத்துச் சேர்த்துவிட்டார்கள். அழகு கொஞ்சம் போயிற்று, அத்தைமார் ஏறினார்கள். இந்த வழக்கில் நம் ஊர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று தம்பியிடம் சொன்னேன். "அப்போ 61-லேர்ந்து 68 வரைக்கும் வாங்கினவங்க இருக்காங்கல்லண்ணே?" என்று கண்கள் மின்னக் கேட்டார். காதலில் விழுந்தவனிடம் வரலாறு பேசக் கூடாது.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. மூத்தவன் பிறந்த மாதம் என் ஆர்.எக்ஸ். 100 பைக்கை விற்றேன். வாங்கியவன் அதைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியில் ஒரு புரோக்கர் மூலம் மஞ்சள் நிறத்தில் ஒரு இறக்குமதிக் கூபே அகப்பட்டது. செகண்ட் ஹேண்ட், மூன்றாவது ஓனர். அந்த விலைக்குப் புதிய ஏழு சீட்டு வண்டி ஒன்றை ஆன்ரோடு எடுத்துவிடலாம். பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போக வேண்டிய நாளும் டெஸ்ட் டிரைவும் ஒன்றாக அமைந்தன. அமைந்தன என்பதைவிட, அவர் அமைத்தார். "குடும்பத்தோட ஒரு ரவுண்டு போனா எல்லாரும் மனசு மாறிடுவாங்கண்ணே." ஹேட்ச்பேக்கின் சாவியைப் புரோக்கரிடம் அடகு வைத்துவிட்டு மஞ்சள் வண்டியை எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்தார். கேட்டருகே ஒரு வேகத்தடை உண்டு. வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம் என்பது சாலைக்காரர்களின் கணக்கு. எங்களுடையது சங்கச் செயலாளர் நேரில் நின்று போடவைத்தது, கணக்குக்குள் அடங்காது. வண்டி அதன்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ‘கர்ர்ர்ர்’ என்று ஏறியது. தம்பி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் குழந்தை இருக்கை. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ அதற்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும், கைக்குழந்தையைப் பின்னோக்கிப் பார்க்கிற இருக்கையில்தான் உட்காரவைக்க வேண்டும். திடீர் பிரேக்கில் அந்தச் சின்னக் கழுத்தைக் காப்பது அதுதான். இதில் தம்பி சமரசம் செய்துகொள்ளவில்லை, அதற்காக அவரை மெச்சுகிறேன். ஆனால் அந்த இருக்கை ஒரு அண்டா அளவு இருந்தது. முன் சீட்டை மடக்கி, இருக்கையைச் சாய்த்து, திருப்பி, தலைகீழாக்கி, நான் வெளியே பிடிக்க அவர் உள்ளே இழுக்க, இருபது நிமிடத்தில் கழுத்தில் பிடித்துக்கொண்டது. அவருக்கு. ஒருவழியாக உள்ளே போனதும் முன் சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ள முடியவில்லை. அதில் உட்காருபவர் முழங்காலைத் தாடையில் வைத்துக்கொள்ளலாம். "அப்போ இருக்கையை முன் சீட்டுல வச்சா?" என்றேன். அவர் பேசாமல் வெயில் மறைப்புப் பலகையை இறக்கிக் காட்டினார். அதில் படம் போட்டே எச்சரித்திருந்தார்கள்: ஏர்பேக் உள்ள சீட்டில் பின்னோக்கிய குழந்தை இருக்கை கூடாது. பை விரிந்தால் இருக்கையோடு சேர்த்து அறையும்.

பிறகு மூட்டை. டயப்பர் பை, மாற்றுத் துணி, வெந்நீர் பிளாஸ்க், தடுப்பூசி அட்டை வைத்த ஃபைல், விரிப்பு, திருஷ்டிக்கு என்று மாமியார் எடுத்துக்கொண்ட எலுமிச்சம்பழம். நாலரைக் கிலோக் குழந்தையோடு பதினைந்து கிலோ சாமான் வரும் என்பதை அட்டவணையில் யாரும் சேர்க்கவில்லை. அந்த வண்டியின் டிக்கியில் பாதிக்கு உபரி டயர் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது மாமியார். குழந்தைக்குப் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும். மகளுக்கு ஆபரேஷன் செய்த உடம்பு, குனியக் கூடாது. மாமியார் அந்த இடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ள, மொதல்ல தலையா, காலா?" என்று கேட்டார். தம்பிக்கும் தெரியவில்லை. தலை என்று தொடங்கி, நடுவில் கால் என்று மாற்றி, கடைசியில் பக்கவாட்டில் சரிந்து, ‘முருகா’ என்ற சொல்லோடு உள்ளே விழுந்தார். நாங்கள் பதறிவிட்டோம். உள்ளேயிருந்து அமைதியாக ஒரு கேள்வி மட்டும் வந்தது.

"கூபே கூபேங்கீகளே மாப்ள, அது ரயில்ல புருஷன் பொண்டாட்டி மட்டும் போற ரூம்புல்லா?"

"ஆமா அத்தை. ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டு பெர்த் இருக்கும்."

"புள்ள பொறந்துட்டா நாலு பெர்த்து ரூம்புக்கு மாறிக்கிடணும்லா?"

தம்பி கதவைச் சாத்தினார்.

போய்விட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினார்கள். தம்பி குதித்து இறங்கி ஓடிவந்தார். "அண்ணே, ஊசி போட்டுட்டு ஓயாம அழுதா. வண்டியை ஸ்டார்ட் பண்ணேன். எக்ஸாஸ்ட் சத்தம் கேட்டதும் கப்புன்னு தூங்கிட்டாண்ணே! என் ரத்தம்ணே!" மாமியாரை வெளியே எடுக்க வாட்ச்மேனையும் சேர்த்து மூன்று பேர் தேவைப்பட்டோம். வெளியே வந்தவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. சிக்னல்ல நின்னா ஊரே பாக்கு. ஒரு பய போட்டோ எடுத்தான்." மஞ்சள் வண்டிக்கு விழுந்த ஒரே வெளி ஓட்டு அதுதான்.

மனைவி எதிர்ப்பாக ஒன்றும் பேசவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் இருக்கையிலிருந்து எடுக்க, மடக்கிய சீட்டுக்கு மேலாக உடம்பை வளைத்துக் கையை நீட்டினார். பாதியில் வலி வந்து நின்றுவிட்டார். அப்படியே நின்றுகொண்டு கேட்டார்: "நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது நான் ஒருத்தியா எப்படிங்க இவளை எடுப்பேன்?"

தம்பி குழந்தையை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே மஞ்சள் வண்டி புரோக்கரிடம் திரும்பிப் போயிற்று.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்த ரகத்தை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். நம் நாட்டுக் கார்ச் சந்தைக்கு இவரைப் போன்றவர்களின் முகவரி நன்றாகவே தெரியும். 2024 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இரண்டு வண்டிகள் வந்தன: டாடா கர்வ், சிட்ரன் பசால்ட். பின்னது நம் திருவள்ளூரிலேயே தயாராவது. இரண்டும் உயரமான எஸ்.யு.வி., இரண்டுக்கும் பின்பக்கம் கூரை சரிகிறது, நாலு கதவு, ஒன்றில் 500 லிட்டர் டிக்கி, இன்னொன்றில் 470. இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் மருந்து: ‘கூபே எஸ்.யு.வி.’ ஏகாதசி விரதத்துக்கு நெய்த் தோசை சாப்பிடுவதைப் போன்ற ஏற்பாடு. விரதமும் கெடாது, வயிறும் காயாது.

இரண்டில் ஒன்றை எடுத்தார். எது என்று சொன்னால் மற்றதை வைத்திருப்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வேகத்தடையைச் சத்தமில்லாமல் தாண்டுகிறது. அண்டா இருக்கை பின் கதவு வழியாக ஐந்தே நிமிடத்தில் போய் உட்கார்ந்தது. பூஜை போட வந்த மாமனார் வண்டியை இரண்டு முறை சுற்றிவந்து எண்ணினார். "மாப்ள, இதுல நாலு கதவுல்லா இருக்கு?"

"கூபேதான் மாமா. கூரையைப் பாருங்க."

மாமனார் கூரையைப் பார்த்தார். பின் சீட்டில் ஏறும்போது அது அவர் தலையில் இடித்தது. "ஆமா, கூபேதான்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது குழந்தைக்கு நாலு மாதம். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தால் தூளியில் போட்டு ஆட்டினாலும் தூங்குவதில்லை. வண்டியில் போட்டால் தூங்குகிறது. ஊசி போட்ட அன்று பழகிய பழக்கம். போன வாரம் ஒருநாள் எனக்கும் தூக்கம் வரவில்லை, கீழே நடந்துகொண்டிருந்தேன். "ஏறுங்கண்ணே, ஒரு ரவுண்டு" என்று கதவைத் திறந்துவிட்டார். வேளச்சேரியைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய ரேடியல் ரோடு. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தார் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தும் ஊர். அன்று காய்ந்து, கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. ஆயுள் முழுக்க இவர் கனவு கண்ட ரோடு. ஸ்போர்ட் பட்டனை அமுக்கினார். டயலில் சிவப்பு விளக்கு எரிந்தது. முள் இருபத்தெட்டில் நின்றது. அதற்குமேல் போனால் பாப்பா முழித்துக்கொள்கிறாளாம்.

ஒரு பால் வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. பிறகு ஒரு சைக்கிள்காரர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

"பிக்கப் எப்படிண்ணே?" என்று கிசுகிசுத்தார்.

"அருமை" என்று நானும் கிசுகிசுத்தேன்.

திரும்பி வந்து பார்க்கிங்கில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை அணைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று வரை எண்ணினோம். பின் சீட்டில் அழுகை. வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் மறுபடி கேட்டைத் திறந்தார்.